யுக்கா அந்துப்பூச்சியைப் பூவிலிருந்து மண் வரை பின்தொடர்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

"யுக்கா பூத்துவிட்டது. மூன்று ராத்திரி டார்ச்சோடு நின்றோம். ஒரு பூச்சிகூட வரவில்லை." ஜூன் மாதம் பிறந்தால் நண்பர்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. போய்ப் பார்த்தால் பூச்சி அங்கேதான் இருக்கும். வெள்ளைப் பூவுக்குள் வெள்ளைப் பூச்சி, தொங்கும் கிண்ணத்தின் உள்பக்கம் ஒண்டிக்கொண்டிருக்கும். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை தெரியாததால்தான் கண்ணில் படுவதில்லை.

இங்கே சொல்லப்போவது தெகெடிகுலா யுக்காசெல்லா என்ற அந்துப்பூச்சியைப் பற்றி. அமெரிக்காவின் வட கரோலினாவில், எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் யுக்கா ஃபிலமென்டோசா செடிகளை வைத்து எழுதுகிறேன். பெண் பூச்சி பூவின் சூல்பைக்குள் முட்டையிடும். பிறகு தான் சுமந்துவந்த மகரந்தத்தைத் தானே சூல்முடிக்குள் அடைக்கும். அடைத்தால்தான் காய் பிடிக்கும், காய் பிடித்தால்தான் அதன் புழுவுக்குத் தின்ன விதை இருக்கும். இந்த மூன்றையும் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். பூவும் காயும் ஒரே கோடையில் முடிந்துவிடும். மண்ணுக்குள் போன புழு பூச்சியாகி வருவதைப் பார்க்க அடுத்த ஆண்டுவரை பொறுமை வேண்டும்.

1. முதலில் செடி சரியானதா என்று பாருங்கள்

அமெரிக்க மளிகைக் கடைகளில் 'யூகா' என்று எழுதி விற்பது நம்முடைய மரவள்ளிக்கிழங்கு. பெயர் ஒட்டிவருவதால் பலர் குழம்புகிறார்கள். அதற்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நாம் தேடும் யுக்கா, ஆனைக்கற்றாழையின் சொந்தக்காரச் செடி. வாள்போன்ற இலைகள் தரையிலிருந்தே கொத்தாகக் கிளம்பும். இலை ஓரத்தில் சாக்கிலிருந்து பிரிந்த நூல்போலச் சுருள்சுருளாக நார் தொங்கினால் அது ஃபிலமென்டோசா. இந்த நாரை வைத்துத்தான் அந்தப் பெயரே வந்தது.

இதில் தொடங்குவது ஏன் நல்லது என்றால், பூந்தண்டு ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். ஒரு ஸ்டூல் போட்டால் பாதிப் பூக்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடும். இலைநுனியும் ஓரளவு வளைந்துகொடுக்கும். கடற்கரைப் பக்கம் வளரும் யுக்கா அலோய்ஃபோலியாவைப் புதியவர்கள் எடுக்கவே வேண்டாம். அதன் இலைநுனி கத்தி, இருட்டில் கண்ணுக்கு ஆபத்து. இன்னொரு காரணமும் உண்டு: அது இந்த அந்து இல்லாமலேயே காய்க்கக் கூடியது. அதனால் கீழே ஆறாவது படியில் சொல்லும் சோதனை அதில் பொய்த்துப்போகும்.

மேற்கே சமவெளி மாநிலங்களில் இருப்பவர்களுக்கு யுக்கா கிளாக்கா கிடைக்கும். அதிலும் இதே அந்துதான், முறையும் இதேதான். கலிபோர்னியா, நெவாடா பக்கம் ஜோஷுவா மரத்தில் வேலைசெய்பவை வேறு இரண்டு இனங்கள். அங்கே பூவைப் பறிப்பதோ காயை அறுப்பதோ கூடாது. தேசியப் பூங்காவுக்குள் எதையும் எடுக்கக் கூடாது என்பது பொது விதி. அதற்கு மேல், கலிபோர்னியாவில் மேற்கு ஜோஷுவா மரத்துக்கென்றே 2023-ல் தனிச் சட்டமும் வந்திருக்கிறது. அங்கே கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப்பக்கம் நர்சரியில் வாங்கிய யுக்கா பூத்தும் காய்க்கவில்லையே என்று கேட்பவர்களுக்கு: இந்த அந்து இந்தியாவில் இல்லை. உங்களுக்குப் பயன்படக்கூடியது ஆறாவது படியில் வரும் கைமகரந்தச் சேர்க்கை மட்டும்தான்.

2. நாள் குறித்துக்கொள்ளுங்கள்

வளர்ந்த பூச்சி எதையும் தின்பதில்லை. அதன் ஆயுள் சில நாட்கள்தான். அந்தச் சில நாட்களும் பூக்கும் நாட்களோடு பொருந்திவருவதால், தேதி தவறினால் ஒரு வருடம் தவறியது.

எங்கள் பகுதியில் மே கடைசியில் தண்டு கிளம்பும். ஜூனில் பூ. ஜூலை முழுக்கப் பச்சைக்காய். ஆகஸ்டை ஒட்டிப் புழு வெளியேறத் தொடங்கும். இலையுதிர்காலத்தில் காய் உலர்ந்து நுனியில் வெடிக்கும். வடக்கே போகப்போக எல்லாம் சில வாரம் தள்ளிப்போகும். அதனால் என் தேதியை நகலெடுக்காதீர்கள். தண்டு முழங்கால் உயரம் வந்த நாளைக் குறித்துவைத்து, அங்கிருந்து தினமும் போய்ப் பாருங்கள்.

இரவுக் காவலுக்குச் சரியான சமயம், தண்டில் மூன்றில் ஒரு பங்குப் பூ விரிந்திருக்கும்போது. முதல் பூ விரிந்த அன்றே போனால் பூச்சி குறைவு. கடைசிப் பூக்களுக்குப் போனால் பூச்சியின் காலமே முடிந்திருக்கும்.

3. கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். இது இல்லாமல் தொடங்க வேண்டாம், மற்றதையெல்லாம் சமாளிக்கலாம்.

தலையில் மாட்டும் டார்ச், சிவப்பு வெளிச்சம் உள்ளது. இல்லையென்றால் சாதாரண டார்ச்சின்மேல் சிவப்பு செலோஃபேன் காகிதத்தை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். வெள்ளை வெளிச்சத்தை முகத்தில் அடித்தால் பூச்சி செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிடும்.

நான்கைந்து நிறத்தில் கம்பளி நூல், வலைப்பைகள், நுனி கூர்மையான இடுக்கி, சில பல்குத்தும் குச்சிகள், சவரப் பிளேடு, நோட்டுப்புத்தகம், பென்சில். வலைப்பைக்கு அலையவேண்டாம். விசேஷங்களில் ரிட்டர்ன் கிஃப்ட் போட்டுக்கொடுக்கும் ஆர்கன்சா பை போதும், கொஞ்சம் பெரிய அளவாக எடுங்கள். பை சிறியதாக இருந்து துணி பூவை ஒட்டிக்கொண்டால், வெளியிலிருந்தே பூச்சி முட்டையிடும் ஊசியை உள்ளே நுழைத்துவிட வாய்ப்பு உண்டு.

கண்ணாடி அணியாதவர்கள் பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். முழுக்கால்சட்டை போட்டு அதன் நுனியைக் காலுறைக்குள் செருகுங்கள், எங்கள் பக்கப் புல்வெளியில் உண்ணி உண்டு. உண்ணிக்கான மருந்தை வீட்டுக்குள்ளேயே காலில் தடவி, கையைச் சோப்புப்போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள். அந்தக் கையோடு பூவைத் தொடக்கூடாது.

4. பகலில் ஒரு பூவைப் பிரித்துப் படியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேரே இரவுக் காவலுக்கு ஓடுபவர்கள்தான் அதிகம். இரவில் சிவப்பு வெளிச்சத்தில், நகம் அளவுள்ள பூச்சி ஒரு பூவுக்குள் எங்கே நிற்கிறது என்பதைக் கொண்டுதான் அது என்ன செய்கிறது என்று சொல்ல முடியும். பூவின் இடங்கள் மனதில் பதியாவிட்டால் பார்த்தும் பார்க்காததுதான்.

அன்று காலையில் உதிர்ந்த பூ ஒன்றை எடுங்கள். ஆறு இதழ், மணிபோலக் கவிழ்ந்திருக்கும். இரண்டு இதழைக் கிள்ளிவிட்டு உள்ளே பாருங்கள். நடுவே பச்சைவெள்ளையாகத் தடித்து நிற்பது சூல்பை. அதைச் சுற்றி, வெளிப்பக்கம் வளைந்த ஆறு மகரந்தத்தாள்கள், மேலே பொடிமயிர். ஒவ்வொன்றின் நுனியிலும் சின்ன மஞ்சள் பை. குச்சியால் தொட்டால் மகரந்தம் தூளாகப் பறக்காது, பிசுபிசுவென்று கட்டியாக ஒட்டிவரும். காற்று இதைக் கொண்டுபோக முடியாது என்பது அந்த ஒரு தொடுதலிலேயே விளங்கிவிடும்.

இப்போது சூல்பையின் நுனி, அதாவது சூல்முடி. மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், நடுவே ஒரு குழி. லென்ஸை வைத்துப் பாருங்கள்: அந்தக் குழிக்குள்தான் மகரந்தம் போயாக வேண்டும். மகரந்தப்பை குழியிலிருந்து விலகி வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதையும் கவனியுங்கள். பூ தன் மகரந்தத்தைத் தன் குழிக்குள் போட்டுக்கொள்ளும் அமைப்பு இதில் இல்லை.

கடைசியாகச் சூல்பையைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். வெண்டைக்காயை வட்டமாக நறுக்கினால் தெரிகிற மாதிரி அறைகள் தெரியும். யுக்காவுக்கு மூன்று அறை, அறைக்கு இரண்டு வரிசை, ஆக ஆறு வரிசைச் சூல்கள். இந்த ஆறை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், காயை அறுக்கும்போது வேண்டும்.

பூ கவிழ்ந்திருப்பதால் சூல்முடி தரையைப் பார்த்து இருக்கும். பூச்சி சூல்முடிக்குப் போவதென்றால் கீழ்நோக்கி இறங்கும். புதியவர்கள் மேலே பார்த்துக்கொண்டே கோட்டைவிடுவது இதனால்தான்.

5. பகலிலேயே பூச்சியைத் தேடுங்கள், ஆள் மாறாமல்

யுக்கா அந்து பகலில் பாதி மூடிய பூவுக்குள் ஓய்வெடுக்கும். காலை வெயில் ஏறுவதற்கு முன் பூக்களை ஒவ்வொன்றாக விரல்நுனியால் நிமிர்த்தி உள்ளே பாருங்கள். தண்டை ஆட்டக்கூடாது. ஆட்டினால் பூச்சி வழுக்கிக் கீழே விழுந்து இலைக்கொத்துக்குள் போய்விடும்.

முன்சிறகு தூய வெள்ளை, பின்சிறகு மங்கிய பழுப்பு. சிறகை விரித்தால் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் அகலம்.

யுக்காவில் கண்ட வெள்ளைப் பூச்சியெல்லாம் நாம் தேடுவதல்ல. மூன்று வகை கலந்திருக்கும்.

முதலாவது நம்முடையது. பெண்ணின் தலைக்கு அடியில் லென்ஸ் வைத்தால் சுருண்ட இரண்டு கைகள்போல ஓர் உறுப்பு தெரியும். மகரந்தத்தைச் சுரண்டி உருட்டிப் பிடிப்பதற்கு இவற்றைத்தான் பயன்படுத்துகிறது. கழுத்துக்கடியில் மஞ்சள் உருண்டை ஒன்று ஒட்டியிருந்தால் சந்தேகமே இல்லை. பெரும்பாலும் அந்த உருண்டை அதன் தலையைவிடப் பெரிதாக இருக்கும்.

இரண்டாவது ப்ரோடாக்சஸ் பேரினத்தைச் சேர்ந்தது, போலி யுக்கா அந்து என்பார்கள். எங்கள் பக்கத்து ப்ரோடாக்சஸ் டெசிபியன்ஸ் உருவில் சிறியது, அதுவும் வெள்ளைதான். ஆண்பெண் சேர்வதற்கு இதே பூக்களுக்கு வரும். ஆனால் முட்டையிடுவது தண்டில். அதற்கு மகரந்தம் எடுக்கும் உறுப்பு கிடையாது. முன்சிறகில் கரும்புள்ளி உள்ள ப்ரோடாக்சஸ் ஒன்று மேற்கே உண்டு. அதனால் 'புள்ளி இல்லை, எனவே இது உண்மையான அந்து' என்று கிழக்கே முடிவுகட்டினால் தவறிவிடும்.

மூன்றாவதைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். தெகெடிகுலா இன்டர்மீடியா. பெயரைப் பார்த்தாலே நம் அந்தின் நெருங்கிய உறவு என்று தெரியும். ஆனால் மகரந்தம் சுமப்பதில்லை. பூ வாடி, பிஞ்சு பிடித்த பிறகு வந்து, மற்றவள் உழைத்து உண்டாக்கிய பிஞ்சில் முட்டையிட்டுப் போகும். பறக்கும்போது பிரித்துச் சொல்வது நடவாத காரியம். இடத்தை வைத்துச் சொல்லலாம்: இரவில் பூவுக்குள் இருந்தால் முதலாவதாக இருக்கலாம், பச்சைப் பிஞ்சின்மேல் ஊன்றி நின்றால் இதுவாக இருக்கலாம். நோட்டில் எழுதும்போது 'பூவில்', 'பிஞ்சில்', 'தண்டில்' என்று இடத்தைத் தவறாமல் குறியுங்கள்.

6. இரவுக்கு முன் பையும் நூலும் கட்டுங்கள்

பூ மாலை மயங்கும்போது விரியும். அதனால் பை கட்டும் வேலை பிற்பகலிலேயே முடிந்திருக்க வேண்டும். விரிந்த பூவுக்குப் பை கட்டினால் உள்ளே ஏற்கெனவே பூச்சி போய்வந்ததா என்பது தெரியாது, சோதனை வீண்.

நாளைக்கோ இன்றைக்கோ விரியப்போகும் பருத்த மொட்டுகளைத் தேர்ந்தெடுங்கள். மூன்று குழு போதும்.

நீல நூல்: பை கட்டி அப்படியே விடப்போகும் மொட்டுகள், பத்து.

சிவப்பு நூல்: பை கட்டி, விரிந்த அன்று மாலை நீங்களே மகரந்தம் அடைக்கப்போகும் மொட்டுகள், பத்து.

மஞ்சள் நூல்: பையில்லாமல் பூச்சிக்கு விடும் மொட்டுகள். இதில் கூடுதலாக எடுங்கள், குறைந்தது முப்பது வேண்டும். காரணம் எட்டாவது படியில்.

நூலைப் பூக்காம்பின் அடியில் தளர்வாக ஒரு சுற்று, ஒரு முடிச்சு. இறுக்கினால் காம்பு தடிக்கும்போது அறுத்துவிடும்.

கையால் மகரந்தம் அடைப்பது பார்க்க எளிது, செய்வதில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். குச்சியில் மஞ்சளைத் தொட்டுச் சூல்முடியின்மேல் பூசிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒன்றும் பிடிக்காது. மகரந்தக் கட்டியை நடுக்குழிக்குள் குச்சிநுனியால் உள்ளே தள்ள வேண்டும், இரண்டு மூன்று முறை. பூசணிக்கு ஆண்பூவைத் தடவி வளர்த்துப் பழகியவர்கள் அதே கைப்பழக்கத்தில் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

மகரந்தத்தை வேறொரு செடியிலிருந்து எடுங்கள். தன் மகரந்தத்தில் பிடித்த பிஞ்சுகளை ஃபிலமென்டோசா பெரும்பாலும் உதிர்த்துவிடும். வேலியோரம் வரிசையாக நிற்பவை எல்லாம் ஒரே தாய்ச்செடியின் பக்கக்கன்றுகளாக இருக்கலாம், அவை வேறு செடி ஆகாது. தெரு தள்ளி நிற்கும் செடிக்குப் போய், வீட்டுக்காரரிடம் கேட்டு, இரண்டு பூ வாங்கிவாருங்கள்.

7. இரவில் உட்காருங்கள், நிற்காதீர்கள்

வெள்ளைத் துணி கட்டி விளக்குப் போட்டு அந்துப்பூச்சி பார்த்துப் பழகியவர்கள் இங்கேயும் துணி கட்டுகிறார்கள். யுக்கா அந்து விளக்குக்கு அரிதாகத்தான் வரும். அது போக வேண்டிய இடம் பூ, நீங்களும் பூவிடம் போங்கள்.

சூரியன் மறைந்து அரைமணி கழித்து உட்கார்ந்தால் நள்ளிரவுவரை வேலை இருக்கும். காற்றில்லாத, புழுக்கமான ராத்திரி நல்லது. வாசல்விளக்கை அணைத்துவிடுங்கள். தண்டு முழுவதையும் பார்க்க முயலாதீர்கள். கண்மட்டத்தில் இருக்கும் ஏழெட்டுப் புதுப்பூக்களை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அவற்றை வலம்வாருங்கள். நின்றுகொண்டே பார்ப்பவர்கள் கால்மணியில் இடம் மாறுகிறார்கள், தண்டில் இடிக்கிறார்கள். ஸ்டூல் அவசியம்.

ஒரு பூவுக்குள் பெண் நுழைந்துவிட்டால் மற்றதை மறந்துவிட்டு அவளிடமே இருங்கள். முதலில் சூல்பையைச் சுற்றி நடப்பாள், உணர்கொம்பால் தட்டித் தட்டி. மற்றொருத்தி முன்பே வந்துபோன பூவில் வாசனைத் தடம் இருக்கும், அதை அறிந்துகொள்வாள். இந்தச் சோதனையிலேயே சில பூக்களை விட்டுவிட்டுப் பறந்துவிடுவாள். அதைக் கண்டு ஏமாற்றம் அடையாதீர்கள், அடுத்த பூவுக்கு அவளோடு போங்கள்.

பூ பிடித்துவிட்டால் இரண்டு தாள்களுக்கு நடுவே பின்பக்கமாக ஒதுங்கி, வயிற்றுநுனியைச் சூல்பையில் பதித்து அசையாமல் நிற்பாள். இது முட்டை. சூல்பையின் சுவரைத் துளைத்து, சூல்வரிசையை ஒட்டி வைக்கிறாள். இந்த நேரத்தில் லென்ஸைக் கிட்டக் கொண்டுபோகலாம், கிளம்பமாட்டாள்.

அது முடிந்ததும் நகர்வாள். இங்கேதான் பலர் 'போய்விட்டாள்' என்று டார்ச்சை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காதீர்கள். கீழ்நோக்கி, சூல்முடிக்கு இறங்குகிறாள். மூன்று மடலையும் பற்றிக்கொண்டு, தலையைக் குழிமேல் வைத்து, கழுத்து உருண்டையிலிருந்து ஒரு துணுக்கை எடுத்து, முன்னும் பின்னும் தலையை ஆட்டி ஆட்டி உள்ளே திணிப்பாள். அம்மியில் குழவி போய்வருவதுபோல ஒரே சீரான அசைவு. நான் முதல்முறை பார்த்தபோது எண்ணிக்கொண்டே வந்தேன், பத்துக்குமேல் எண்ணியதும் எண்ணிக்கை மறந்து பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். அவளுக்கு அந்த மகரந்தம் உணவில்லை, அவள் எதையும் உண்பவளும் இல்லை. முடித்துவிட்டு மறுபடி மேலேறி இன்னொரு முட்டை வைப்பாள், மறுபடி இறங்குவாள்.

நேரம், பூவின் நூல் நிறம், எத்தனை முறை பதித்தாள், எத்தனை முறை இறங்கினாள்: இந்த நான்கையும் அப்போதே எழுதுங்கள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் பூக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

8. பூ உதிரும் வாரத்தில் பதறாதீர்கள்

அடுத்த ஒரு வாரம், பத்து நாளில் தரையெல்லாம் பூ. மஞ்சள் நூல் கட்டிய பூக்களில் பெரும்பாலானவையும் விழுந்திருக்கும். நாம்தான் தொட்டுக் கெடுத்துவிட்டோம் என்று வருந்துவார்கள். இல்லை. யுக்கா தன் பூக்களில் சிறுபங்கைத்தான் காயாக்கும், பத்துக்கு ஒன்று நின்றாலே கணக்குச் சரி. முப்பது மொட்டுக்கு மஞ்சள் நூல் கட்டச் சொன்னது இதற்காகத்தான்.

எதை நிறுத்துவது, எதை உதிர்ப்பது என்பதிலும் செடிக்கு ஒரு கணக்கு உண்டு. முட்டை மிகுதியாக ஏறிய பூக்களை யுக்கா ஃபிலமென்டோசா அதிகமாக உதிர்க்கிறது என்பதை ஆய்வாளர்கள் 1990-களிலேயே காட்டிவிட்டார்கள். பூ விழுந்தால் உள்ளே இருக்கும் முட்டைக்கும் கதி இல்லை. நீங்களும் பார்க்கலாம்: விழுந்த பூக்களின் சூல்பையை லென்ஸில் வைத்து, ஊசி குத்தியதுபோன்ற புள்ளிகளை எண்ணுங்கள். நின்ற பிஞ்சுகளிலும் எண்ணி ஒப்பிடுங்கள்.

நீல நூல் பைகளில் காய் இருக்கக் கூடாது. இருந்தால் பையில் ஓட்டை, அல்லது கட்டுவதில் தாமதம். பூக்காலம் முடிந்ததும் நீலப் பைகளை எடுத்துவிடலாம். சிவப்பு நூல் பைகளை எடுக்காதீர்கள். எடுத்தால் பிஞ்சில் முட்டையிடும் அந்த மூன்றாமவள் வந்துவிடுவாள்.

9. காயைத் திறக்கும் நாள்

அவசரப்பட்டு ஜூன் கடைசியில் அறுத்தால் புழு நூலிழைபோல இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. 'புழுவே இல்லை' என்று எழுதிவிடுவார்கள். காய் முழு அளவு வளர்ந்து, இன்னும் பச்சையாக இருக்கும் ஜூலை மத்தியில் திறங்கள். வெளியே வட்ட ஓட்டை விழுந்த காயை எடுக்காதீர்கள், உள்ளே இருந்தது போய்விட்டது.

அறுப்பதற்கு முன் காயை வெளியிலிருந்து பாருங்கள். இடுப்புபோல ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கும் காய்கள் கிடைக்கும். முட்டை ஏறிய இடத்தில் சூல்கள் வளராமல் போனதன் அடையாளம் அது. சிவப்பு நூல் காய் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

குறுக்கே வெட்டாதீர்கள், புழு துண்டாகிவிடும். அறைகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தில் பிளேடால் நீளவாக்கில் மேலாகக் கீறி, கட்டைவிரலால் பிளந்து திறங்கள்.

உள்ளே ஆறு வரிசை, எட்டணாக் காசுகளை அடுக்கி நெருக்கி வைத்ததுபோல. முற்றாத விதை வெள்ளை, முற்றியது கறுப்பு. ஒரு வரிசையில் அடுக்கு சட்டென்று உடைந்து, விதைகளின் நடுவே ஒரு சுரங்கம் போகும். சுரங்கம் முழுக்க ஈரமான பழுப்புப் பொடி, அது எச்சம். சுரங்கத்தின் முனையில் புழு இருக்கும். இளையது வெள்ளை, முற்ற முற்ற இளஞ்சிவப்பு ஏறும். நெஞ்சுப் பகுதியில் மூன்று ஜோடிக் கால்கள். தண்டுக்குள் வாழும் ப்ரோடாக்சஸ் புழுவுக்குக் கால் கிடையாது. சந்தேகம் வந்தால் இதைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம்.

இப்போது எண்ணுங்கள். வரிசை வாரியாக நல்ல விதை, தின்ற விதை, வளராத சூல் என்று மூன்று பத்தி. தின்றதையும் வளராததையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதுதான் இங்கே வழக்கமான பிழை. தின்ற விதையில் ஓட்டையோ பொடியோ இருக்கும். வளராதது மெல்லிய வெள்ளைச் செதிலாக முழுசாக இருக்கும். ஒரு புழு பத்திலிருந்து இருபது விதைவரை தின்னும். ஒரு காயில் இரண்டு மூன்று புழு இருந்தாலும் செடிக்கு ஏராளமான விதை மிஞ்சுவதை உங்கள் கணக்கே காட்டும். 'புழு வந்துவிட்டது, மருந்தடிக்கவா?' என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுகிறேன். அந்தப் புழுவின் தாய் வந்திருக்காவிட்டால் அந்தக் காயே இல்லை. நீல நூலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஐந்தாறு காய்க்குமேல் திறக்க வேண்டாம். மீதியைச் செடியிலேயே விடுங்கள்.

10. புழு மண்ணுக்குப் போகும்போது வழிவிடுங்கள்

முற்றிய புழு காயின் சுவரைக் கடித்து வட்டமாக ஓட்டை போட்டு, தரைக்கு இறங்கி, மண்ணுக்குள் போய்ப் பட்டுநூலும் மண்துகளும் சேர்த்துக் கூடு கட்டும். குளிர்காலம் முழுக்க அதற்குள்தான். வசந்தத்தில்தான் கூட்டுப்புழுவாகும்.

செடியடியில் களைத்துணி விரித்து, மேலே சரளைக்கல் கொட்டியிருக்கும் வீடுகளில் இந்த இடத்தில்தான் எல்லாம் முடிந்துபோகிறது. புழு துணிக்குமேல் தங்கிக் காய்ந்துவிடும். யுக்காவைச் சுற்றி இரண்டடி அளவுக்காவது துணியை வெட்டி எடுத்துவிடுங்கள், மண்ணைக் கொத்திவிடவும் வேண்டாம்.

தொட்டியில் வளர்த்துப் பார்க்க விரும்புபவர்கள் இதைச் செய்யலாம். அடியில் ஓட்டையுள்ள மண்தொட்டி, பாதி மணலும் பாதித் தோட்டமண்ணும் கலந்து ஒரு சாண் ஆழம். ஓட்டை விழாத, முற்றிய பச்சைக்காய் நான்கைந்தை நூல்கட்டித் தொட்டிக்குமேல் தொங்கவிட்டு, முழுவதையும் வலையால் மூடுங்கள். காயை மண்மேல் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். நீங்கள் கையால் எடுத்துப் போட்ட இளம்புழு பிழைக்காது, அது தின்று முடித்துத் தானாக இறங்க வேண்டும்.

புழு இறங்கியதும் காய்களை எடுத்துவிட்டுத் தொட்டியை வெளியே, மரநிழலில், மண்ணில் பாதி புதைத்துவையுங்கள். என் முதல் தொட்டியைக் குளிருக்குப் பயந்து கராஜுக்குள் வைத்தேன். மண் தூளாகக் காய்ந்து ஒன்றும் வரவில்லை. அதற்கு வேண்டியது வெளியே கிடக்கும் குளிரும் மழையும்தான். தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

11. பூந்தண்டை வெட்டாதீர்கள்

இலையுதிர்காலத்தில் காய்ந்த தண்டு அசிங்கமாக நிற்கிறதென்று எல்லோரும் அடியோடு வெட்டிக் குப்பைக்கு அனுப்புகிறார்கள். ப்ரோடாக்சஸ் புழுக்கள் அந்தத் தண்டுக்குள்ளேதான் குளிர்காலம் கழிக்கின்றன. உண்மையான அந்தின் தாமதமான புழுக்கள் சில இன்னும் காயில் இருக்கலாம். வெட்டியே ஆக வேண்டுமென்றால் வெட்டிய தண்டைக் கொல்லையில் ஒரு வேலிக்கம்பத்தில் சாய்த்துக் கட்டிவையுங்கள். கனடாவின் அல்பர்ட்டாவில் தெற்குக் கோடியில் மட்டும் வாழும் யுக்கா அந்து, அந்த நாட்டின் அருகிவரும் உயிர்ப்பட்டியலில் இருக்கிறது. இங்கே தாராளமாகக் கிடைப்பதால் அலட்சியம் செய்துவிடக் கூடாது.

12. அடுத்த மே மாதம்

தண்டு கிளம்பும் அறிகுறி தெரிந்ததும் தொட்டி வலையைச் சரிபாருங்கள், கிழிசல் இருந்தால் மாற்றுங்கள். தினமும் மாலையிலும் காலையிலும் பாருங்கள். பூச்சி வெளிவந்திருந்தால் வலையின் உள்பக்கம் ஒட்டி உட்கார்ந்திருக்கும்.

வரவில்லையென்றால் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். இந்தக் குடும்பத்துப் புழுக்கள் ஒரு வருடத்துக்குமேல் உறங்கக் கூடியவை. செடி பூக்காமல் போகும் வருடங்களைக் கடப்பதற்கு இது அவற்றுக்கு உதவுகிறது. ப்ரோடாக்சஸ் இனம் ஒன்றின் புழுக்கள் ஆய்வகத்தில் 30 ஆண்டு கழித்துப் பூச்சியாக வெளிவந்த பதிவு உண்டு. மண்ணைக் கிளறாமல், தொட்டியின்மேல் வருடத்தை எழுதி, இன்னும் இரண்டு மூன்று கோடையாவது விட்டுவையுங்கள்.

வந்த பூச்சியை அன்று மாலையே விட்டுவிட வேண்டும், அதற்கு இருப்பது சில நாட்கள்தான். வலையை அவிழ்த்து, தொட்டியைப் பூத்த தண்டுக்கு அடியில் கொண்டுபோய் வையுங்கள். இருட்டும்வரை பொறுங்கள். பிறகு சிவப்பு டார்ச்சைப் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்காருங்கள்.